ட்ராய் அரசர்களின் அம்மாக்கள் ஏன் ஆற்றின் மகள்களாகவே இருக்கிறார்கள்?

#1 வைகறை

அனைவருக்கும் வணக்கம். இரண்டு வாரமாக ஹோமரின் ட்ராய் போர்க் காவியமான இலியட் படித்துக்கொண்டிருக்கிறேன். யார் யாருக்கு மகன் என்பது தலைக்குள் நிற்கவே இல்லை. அதனால் பழைய மாதக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் ட்ராய் அரச குடும்பத்தின் வம்சாவளியை எழுத ஆரம்பித்தேன்.

20ஆம் காண்டத்தில் ட்ராய் வீரன் ஏனியஸ் போர்க்களத்தில் நின்றபடி கிரேக்க வீரன் அக்கிலிஸிடம் தன் குலத்தைச் சொல்கிறான். அதை வைத்து அப்பாக்களை நீல மையில் எழுதினேன். ஜீயஸின் மகன் டார்டனஸ், அவன் மகன் எரிக்தோனியஸ், அவன் மகன் ட்ரோஸ். ட்ரோஸுக்கு ஈலஸ், அசராக்கஸ், கனிமீட் என்று மூன்று பிள்ளைகள். ஈலஸ் வழியில் லவோமிடன், ப்ரியம், ஹெக்டர். அசராக்கஸ் வழியில் காபிஸ், அங்கைசிஸ், ஏனியஸ். இந்தப் பட்டியலில் பழைய தலைமுறைகளின் அம்மாக்கள் பெயர் ஒன்றுகூட இல்லை. அந்த இடங்களை அப்பல்லோடோரஸ் பெயரில் வழங்கும் கிரேக்கப் புராணத் தொகுப்பைப் பார்த்துச் சிவப்பு மையில் நிரப்பினேன்.

நிரப்பி முடித்துப் பார்த்தால் சிவப்பு மை முழுக்கத் தண்ணீர். எரிக்தோனியஸின் மனைவி அஸ்டியோகி, சிமோயிஸ் ஆற்றின் மகள். ட்ரோஸின் மனைவி கல்லிரோயி, ஸ்கமாண்டர் ஆற்றின் மகள். அசராக்கஸின் மனைவி ஹியரோம்னீமி, மறுபடி சிமோயிஸின் மகள். லவோமிடனின் மனைவி ஸ்ட்ரைமோ, மறுபடி ஸ்கமாண்டரின் மகள். டார்டனஸின் மனைவி பாட்டீயாவும் ஸ்கமாண்டரின் பேத்திதான். ஒரே ஊரின் இரண்டு ஆறுகளிலிருந்து தலைமுறை தலைமுறையாகப் பெண் எடுத்திருக்கிறார்கள்.

இது தற்செயலா? பெயர் தெரியாத இடத்தில் யாரோ இட்டு நிரப்பியதா? இல்லை, இதற்குப் பின்னால் வேறு காரணம் இருக்கிறதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 பழைய வாத்தியார்

நல்ல கேள்வி, அம்மா. படம் போட்டுப் பார்த்தவர் கண்ணுக்குத்தான் இது படும். வரிவரியாகப் படித்துக்கொண்டு போனால் தப்பிவிடும்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். கிரேக்கத்தில் நிம்ஃபி என்றால் மணமகள், மணவயதுப் பெண். இலியட் 3ஆம் காண்டத்தில் ஐரிஸ் வந்து ஹெலனைக் கூப்பிடும்போது இந்தச் சொல்லைத்தான் சொல்கிறாள். ஊற்றிலும் மலையிலும் மரத்திலும் குடியிருக்கும் தெய்வப் பெண்களுக்கும் இதே சொல். தமிழில் நீரரமகளிர், வரையரமகளிர் என்று நமக்கே அழகான பெயர்கள் இருக்கின்றன. ஆனால் "மணப்பெண்" என்ற அந்த இன்னொரு பொருள் அவற்றில் வராது. வம்சாவளியில் வேலை செய்வது அந்தப் பொருள்தான். ஆகவே நிம்ஃப் என்றே வைத்துக்கொள்கிறேன்.

இனி டார்டனஸைப் பாருங்கள். அவன் அந்த மண்ணில் பிறந்தவன் இல்லை. சமோத்ரேஸ் தீவிலிருந்து கடல் கடந்து வந்தவன். அவன் வந்தபோது அங்கே ஆண்டவன் டியூசர். டியூசரின் அப்பா ஸ்கமாண்டர் ஆறு, அம்மா ஐடா மலை நிம்ஃப் ஐடையா. ஆறும் மலையும் சேர்ந்து பெற்ற பிள்ளை! அவன் மகளைக் கட்டிக்கொண்ட பிறகுதான் டார்டனஸுக்கு நிலத்தில் பங்கு கிடைக்கிறது, நகரம் எழுப்புகிறான், டியூசருக்குப் பின் நாட்டுக்கே தன் பெயரை வைக்கிறான்.

வந்தேறியின் வீட்டுக்கு அந்த மண்ணின் உரிமை பெண் வழியாக வருகிறது. ஒரு முறை வந்தால் போதாது. மறுபடி மறுபடி ஆற்றிடம் போய்ப் பெண் எடுத்து, "நாங்கள் இந்தத் தண்ணீரின் பிள்ளைகள்" என்று புதுப்பித்துக்கொள்கிறார்கள். உங்கள் சிவப்பு மை அந்த வீட்டின் நிலப் பத்திரம்.

#3 மணல்மேடு

வாத்தியார் ஐயா மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனாலும் இதில் உடன்பட முடியவில்லை.

லவோமிடனின் மனைவி ஸ்ட்ரைமோ என்று சொல்லிவிட்டு அதே வாக்கியத்தில் அப்பல்லோடோரஸ் என்ன சொல்கிறார்? சிலர் அவள் ஒட்ரியஸின் மகள் பிளாக்கியா என்கிறார்கள், வேறு சிலர் லியூசிப்பி என்கிறார்கள். ஒரே அரசனுக்கு மூன்று பெயர்கள். அம்மா யார் என்று யாருக்கும் நிச்சயமில்லை. நிச்சயமில்லாத இடத்தில் பக்கத்து ஆற்றின் மகள் என்று எழுதிவிட்டால் யாரும் மறுத்துப் பேச முடியாது. நிலப் பத்திரம் என்பது பெரிய வார்த்தை. எனக்கு இது காலியிடத்தை நிரப்பிய கைதான்.

இதற்குக் கிரேக்கர்களே சாட்சி சொல்லியிருக்கிறார்கள். அஃப்ரோடைட்டிக்கான ஹோமரியப் பாடலில் தேவி ஐடா மலையில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த அங்கைசிஸுடன் கூடி ஏனியஸைக் கருவுறுகிறாள். பிள்ளையை மலை நிம்ஃபுகள் வளர்த்துப் பிறகு உன்னிடம் கொண்டுவந்து தருவார்கள் என்கிறாள். அப்புறம் சொல்கிறாள்: "இவன் அம்மா யார் என்று யாராவது கேட்டால், இந்த மலைக்காட்டில் இருக்கும் ஒரு நிம்ஃபின் பிள்ளை என்று சொல். என் பெயரைச் சொல்லிப் பெருமையடித்தால் ஜீயஸின் இடி உன்மேல் விழும்." சொற்கள் என்னுடையவை, விஷயம் பாடலில் உள்ளதுதான்.

அம்மா பெயரைச் சொல்ல முடியாதபோது சொல்லும் பதில் "நிம்ஃப்". இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்?

#4 வைகறை

மணல்மேடு, இந்தப் பாடல் எனக்குத் தெரியாது. உடனே தேடிப் படித்தேன், நன்றி. ஆனால் படித்த பிறகு எனக்குத் தோன்றியது நேர்மாறாக இருக்கிறது. அங்கைசிஸ் "நிம்ஃபின் பிள்ளை" என்று சொன்னால் ட்ராய் ஊர்ஜனம் சரி என்று கேட்டுக்கொண்டு போக வேண்டும். அப்போதுதானே அந்தப் பொய் நிற்கும்? அந்த வீட்டில் அவனுடைய பாட்டி, கொள்ளுப்பாட்டி எல்லாருமே ஆற்றின் மகள்கள். அங்கைசிஸுக்கும் ஒரு நிம்ஃப் வந்தாள் என்றால் யாரும் புருவத்தைத் தூக்க மாட்டார்கள். அந்த வழக்கம் முன்பே ஊன்றியிருந்ததால்தான் தேவியே அதன் பின்னால் ஒளிந்துகொள்ள முடிகிறது.

#5 தேன்சிட்டு

வைகறை அக்கா, இலியடுக்குள்ளேயே இரண்டு சின்ன இடங்கள் இருக்கின்றன. இரண்டுமே சாகிறவர்களைப் பற்றியவை.

ஒன்று 6ஆம் காண்டத் தொடக்கம். யூரியாலஸ் ஈசெப்பஸ், பெடாசஸ் என்ற இரட்டையர்களைக் கொல்கிறான். கொல்லும் அந்த நேரத்தில் கவி நின்று அவர்கள் பிறப்பைச் சொல்கிறார். அப்பா புகோலியன். அவன் லவோமிடனின் மூத்த மகன், ஆனால் அவனை அவன் தாய் மறைவாகப் பெற்றாள். அதனால் அரியணை வரிசையில் அவன் பெயர் இல்லை. ஆடு மேய்க்கப் போன இடத்தில் அபர்பரீ என்ற நீர் நிம்ஃபுடன் சேர்ந்தான், இந்த இருவரும் பிறந்தார்கள். அவ்வளவுதான். அடுத்த வரியில் அவர்கள் உடம்பிலிருந்து கவசம் கழற்றப்படுகிறது.

இரண்டாவது 4ஆம் காண்டத்தில் சிமோயிசியஸ். பெற்றோருடன் மந்தையைப் பார்க்க ஐடாவிலிருந்து இறங்கி வந்த அம்மா, சிமோயிஸ் கரையில் பிரசவித்தாள். அதனால் ஆற்றின் பெயரையே பிள்ளைக்கு வைத்தார்கள். ஏஜாக்ஸின் ஈட்டி பட்டு, ஈரநிலத்தில் வளர்ந்த நெட்டிலிங்கம் போன்ற ஒரு மரம் வெட்டுப்பட்டு விழுவதுபோல் விழுகிறான்.

அப்புறம் ஹெக்டரின் குழந்தை. ஊரார் அவனை அஸ்டியானக்ஸ் என்று கூப்பிடுகிறார்கள், "நகரத்தின் தலைவன்" என்று பொருள். ஆனால் ஹெக்டர் தன் பிள்ளைக்கு வைத்த பெயர் ஸ்கமாண்ட்ரியஸ். அப்பா ஆற்றின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்! அதைப் படித்துவிட்டு ஸ்ட்ரைமோவை வெறும் நிரப்பல் என்று நினைக்க எனக்கு மனம் வரவில்லை.

#6 கல்வெட்டுப்பித்தன்

ட்ராயை விட்டுக் கொஞ்சம் வெளியே வருகிறேன். இந்த வம்சாவளிகள் காலியிடம் நிரப்பியவை என்று வைத்துக்கொண்டாலும், அவற்றை நம்பி ஊர்கள் என்ன செய்தன என்பதை கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதி வைத்திருக்கிறார். எனக்கு மிகவும் பிடித்த பகுதி, அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

கி.மு. 506ஐ ஒட்டி ஏதென்ஸிடம் தீப்ஸ் அடி வாங்குகிறது. பழி தீர்க்க வழி கேட்டு, தெய்வ வாக்குக் கேட்கும் டெல்ஃபி கோயிலுக்கு ஆள் அனுப்புகிறார்கள். உங்களால் தனியாக முடியாது, "மிக நெருங்கியவர்களிடம்" கேளுங்கள் என்று வாக்கு வருகிறது. தீப்ஸ் மக்கள் கூட்டம் போட்டு யோசிக்கிறார்கள். நெருங்கியவர்கள் யார்? தனக்ரா, கொரோனியா, தெஸ்பியா ஊர்க்காரர்கள்தானே பக்கத்தில் இருக்கிறார்கள், அவர்கள் எப்போதும் நம்மோடு நின்று சண்டை போடுகிறவர்கள் ஆயிற்றே, அவர்களைப் போய்க் கேட்கச் சொல்ல ஒரு வாக்கு எதற்கு? அப்போது கூட்டத்தில் ஒருவர் எழுந்து சொல்கிறார்: அசோப்பஸ் ஆற்றுக்குத் தீபி, ஈஜினா என்று இரண்டு மகள்கள். அவர்கள் அக்கா தங்கை. ஆகவே நாம் கேட்க வேண்டியது ஈஜினா தீவை.

யாரும் மறுக்கவில்லை. உடனே தூது போகிறது. ஈஜினாக்காரர்களும் உறவை மறுக்கவில்லை. உதவியாக ஐயாக்கஸ் குலத்து வீரர்களை, ஈஜினா நிம்ஃபின் வழிவந்த தெய்வ முன்னோர்களை, அனுப்புகிறோம் என்கிறார்கள். அவர்களுடைய திருவுருவங்களாக இருக்க வேண்டும் என்பது பொதுவான கருத்து. அவர்களை நம்பிப் போருக்குப் போன தீப்ஸ் மறுபடி அடி வாங்குகிறது. பிறகு இன்னொரு தூது: முன்னோர்களைத் திருப்பி அனுப்பிவிட்டோம், எங்களுக்கு ஆட்களைக் கொடுங்கள். இந்த முறை ஈஜினா படையோடு இறங்கி, சொல்லாமல் கொள்ளாமல் ஏதென்ஸின் கரையோர ஊர்களைத் தாக்குகிறது.

இரண்டு நிம்ஃபுகள் சகோதரிகள் என்ற ஒரே காரணத்தால் ஒரு தீவு போருக்கு வந்தது. ஈஜினாவுக்கு ஏதென்ஸ் மீது பழைய பகை இருந்தது உண்மைதான், அதை ஹெரோடோட்டஸும் சொல்கிறார். ஆனால் கதவைத் தட்டப் பயன்பட்டது வம்சாவளி. கி.மு. 480இல் சாலமிஸ் போருக்கு முன்னாலும் ஐயாக்கஸ் குலத்தாரை அழைத்துவர ஈஜினாவுக்கு ஒரு கப்பலே அனுப்பினார்கள்.

இன்னொன்று. அசோப்பஸ் என்ற பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட ஆறுகள் உண்டு, ஒன்று பியோஷியாவில், இன்னொன்று பெலோபொனீஸில் ஃபிலியஸ் பக்கம். தீபி, ஈஜினா, கொர்கைரா மூவரும் எங்கள் ஆற்றின் பெண்கள் என்று ஃபிலியஸ்காரர்கள் சொல்ல, தீபி எங்கள் அசோப்பஸின் மகள் என்று தீப்ஸ்காரர்கள் மறுத்தார்கள் என்று பயண நூலாசிரியர் பவுசானியஸ் கி.பி. 2ஆம் நூற்றாண்டில் எழுதுகிறார். ஆற்று மகள் யாருக்குச் சொந்தம் என்ற வழக்கு அவர் காலத்திலும் முடியவில்லை.

#7 மணல்மேடு

கல்வெட்டுப்பித்தன், இது வலுவான சான்று. ஒரு பாதி ஒப்புக்கொள்கிறேன். எப்படி உருவானாலும், உருவான பிறகு இவற்றுக்கு எடை இருந்தது.

ஆர்கோஸையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அங்கே முதல் பெயரே இனாக்கஸ் ஆறு. ஓஷனஸின் மகள் மீலியாவிடம் அவனுக்குப் பிறந்தவன் ஃபோரோனியஸ், சிதறிக் கிடந்த மக்களை முதன்முதலில் ஓர் ஊராகக் கூட்டியவன். நெருப்பை மனிதருக்குத் தந்தவன் இவன்தான், ப்ரொமீதியஸ் இல்லை என்பது ஆர்கோஸ்காரர்களின் வாதம். நாடு ஹீராவுக்கா போசைடனுக்கா என்ற வழக்கில் இனாக்கஸும் வேறு இரண்டு ஆறுகளும் நீதிபதிகளாக உட்கார்ந்து ஹீராவுக்குத் தீர்ப்புச் சொன்னார்கள். கோபத்தில் போசைடன் அவர்கள் தண்ணீரைப் பறித்துவிட்டான். அதனால்தான் மழை பெய்தாலொழிய அந்த ஆறுகளில் நீர் ஓடாது, கோடையில் லெர்னாவின் ஊற்றுகள் மட்டும் வற்றாது என்கிறார் பவுசானியஸ்.

அந்த லெர்னா ஊற்றைக் காட்டிக் கொடுத்தவனும் போசைடன்தான். வெளியிலிருந்து வந்த டனாவுஸ், தண்ணீர் தேடி வரச் சொல்லி மகள்களை அனுப்புகிறான். அவர்களில் அமிமோனியைப் போசைடன் கூடி, லெர்னாவின் ஊற்றுகளை அவளுக்குக் காட்டுகிறான். வறண்ட நாட்டில் வற்றாத ஊற்று ஒன்று வந்தேறி அரசனின் மகள் பெயரோடு ஒட்டிக்கொள்கிறது. வாத்தியார் ஐயா சொன்ன நில உரிமை இங்கே பொருந்துகிறது என்பதை மறைக்காமல் சொல்கிறேன்.

#8 அகழி

குறுக்கே ஒரு சந்தேகம். அமிமோனியின் மகன் நாப்ளியஸ். ட்ராய் போரில் செத்த பாலமிடிஸின் அப்பா பெயரும் நாப்ளியஸ். இருவரும் ஒருவரா? டனாவுஸுக்கும் ட்ராய் போருக்கும் நடுவில் எத்தனையோ தலைமுறை இருக்கிறதே.

#9 பழைய வாத்தியார்

அகழி தம்பி, இந்தக் குழப்பம் அந்தக் காலத்திலேயே இருந்தது. அப்பல்லோடோரஸ் நாப்ளியஸ் நெடுங்காலம் வாழ்ந்தான் என்று சொல்லி ஒரே ஆளாகவே கொண்டுபோய்விடுகிறார். அப்பல்லோனியஸ், ஆர்கோ கப்பலின் பயணத்தைப் பாடும் தன் காவியத்தில் வேறு வழி பிடிக்கிறார். பழைய நாப்ளியஸின் மகன் ப்ரோட்டஸ், அவன் மகன் லெர்னஸ், பிறகு நவ்போலஸ், கிளைட்டோனியஸ், அவன் மகன் கப்பலில் போன இந்த நாப்ளியஸ். நடுவே நான்கு பெயர்களை வைத்து இடைவெளியை அடைத்துவிட்டார். அதில் லெர்னஸ் என்ற பெயரைக் கவனியுங்கள். அமிமோனியின் ஊற்று அங்கேயும் வந்துவிட்டது.

நிம்ஃபுகளுக்கு இந்தக் கணக்குச் சிக்கல் வராது. ஹெசியட் ஒரு நீர் நிம்ஃபின் வாயால் சொன்னதாக புளூடார்க் ஒரு கணக்குத் தருகிறார். காகம் ஒன்பது மனித ஆயுள் வாழும், மான் நான்கு காக ஆயுள், அண்டங்காக்கை மூன்று மான் ஆயுள், ஃபீனிக்ஸ் ஒன்பது அண்டங்காக்கை ஆயுள், நிம்ஃபுகள் பத்து ஃபீனிக்ஸ் ஆயுள். பெருக்கிப் பாருங்கள், 9,720 மனித ஆயுள் வரும். சாகாதவர்கள் இல்லை, ஆனால் எந்த அரச வம்சத்தையும் தாண்டி இருப்பவர்கள்.

#10 தேன்சிட்டு

சாவு என்றதும் ஆர்கஸ் நினைவுக்கு வருகிறான். ஆர்கேடியாவுக்குத் தன் பெயரைக் கொடுத்த அரசன், கலிஸ்டோவின் மகன். வேட்டைக்குப் போன இடத்தில் ஒரு கருவாலி மரத்தைப் பார்க்கிறான். வெள்ளம் வேரடி மண்ணை அரித்துக்கொண்டிருக்கிறது, மரம் சாயப் போகிறது. அந்த மரத்தோடு உயிர் பிணைந்த கிரிசோபெலியா அவனிடம் கெஞ்சுகிறாள். அவன் ஓடையைத் திருப்பிவிட்டு வேரைச் சுற்றி மண் அணைத்துக் கட்டுகிறான். அவளுக்கும் அவனுக்கும் பிறந்தவர்கள்தான் எலாட்டஸும் அஃபைடஸும். ஆர்கேடிய அரசர்கள் அவர்கள் வழியில் வருகிறார்கள்.

இந்த மனைவிக்கும் வேறு பெயர்கள் உண்டு, பவுசானியஸ் எராட்டோ என்கிறார். மணல்மேடு அண்ணா சொன்னதுபோல் பெயர் நிலையாக இல்லைதான். அப்பல்லோடோரஸ் தரும் மாற்றுப் பெயர்களில் மனிதப் பெண்களும் உண்டு. ஆனால் பவுசானியஸின் எராட்டோவும் மரத்துப் பெண்தான். எனக்கு இந்தக் கதையில் பிடித்தது, அரசன் முதலில் மண்வேலை செய்கிறான். கரை கட்டி மரத்தைக் காப்பாற்றியவனுக்குத்தான் அந்தக் காட்டின் மகள் கிடைக்கிறாள்.

#11 கல்வெட்டுப்பித்தன்

தேன்சிட்டு, ஸ்பார்ட்டாவிலும் இதே மண்வேலை உண்டு. யூரோட்டஸ் என்ற அரசன் சமவெளியில் தேங்கிய சதுப்பு நீரைக் கால்வாய் வெட்டிக் கடலுக்கு விடுகிறான். மிச்சம் ஓடியதுதான் யூரோட்டஸ் ஆறு. அவன் மகள் ஸ்பார்ட்டா. அவளைக் கட்டிக்கொண்டவன், டேகிட்டி நிம்ஃபின் மகன் லாசிடீமன். மலைக்கு அம்மா பெயர், நாட்டுக்கு இவன் பெயர், நகரத்துக்கு மனைவி பெயர். ஒரு குடும்பத்தைச் சொன்னால் வரைபடம் முழுதும் வந்துவிடுகிறது.

#12 மணல்மேடு

ட்ராய்க்குத் திரும்பலாம். ஏதென்ஸ் பேச்சாளர் ஐஸ்கினீஸ் எழுதியதாக வழங்கும், உண்மையில் பிற்காலத்தவர் ஒருவர் புனைந்த கடிதத்தில் ஒரு வழக்கம் வருகிறது. அந்தப் பகுதியில் மணமாகப் போகும் பெண்கள் ஸ்கமாண்டரில் குளித்து, "ஸ்கமாண்டரே, என் கன்னிமையை ஏற்றுக்கொள்" என்று சொல்வார்களாம். கதையில் கீமோன் என்ற இளைஞன் தலையில் நாணல் சூடிக்கொண்டு ஆற்றுத் தெய்வமாக நடித்து ஒரு பெண்ணை ஏமாற்றுகிறான். சில நாள் கழித்து ஊர்வலத்தில் அவனைப் பார்த்த அவள், கூட இருந்த தாதியிடம் "அதோ ஸ்கமாண்டர்" என்று கையை நீட்டிக் காட்டுகிறாள். அந்தப் பெண்ணின் பெயர் கல்லிரோயி. வைகறையின் படத்தில் ட்ரோஸின் மனைவிக்கும் அதே பெயர்.

அது கட்டுக்கதைதான். இருந்தாலும் அதை எழுதியவருக்கு, ஆற்றுக்கும் மணப்பெண்ணுக்கும் உள்ள உறவு வாசகருக்கு விளக்கம் இல்லாமல் புரியும் என்று தெரிந்திருக்கிறது.

#13 வைகறை

நேற்று இரவு 21ஆம் காண்டம் வந்தேன். இந்த இழை இல்லையென்றால் தாண்டிப் போயிருப்பேன்.

ஸ்கமாண்டர் கரையில் அக்கிலிஸ் அஸ்டெரோபியஸைக் கொல்கிறான். அவன் ஆக்சியஸ் ஆற்றின் பேரன். பிணத்தின் மேல் நின்று அக்கிலிஸ் சொல்கிறான்: நீ ஆற்றின் வழி வந்தவன், நான் ஐயாக்கஸ் வழியாக ஜீயஸின் குலம். ஆறுகளைவிட ஜீயஸ் பெரியவன், அவன் வழிவந்தவனும் பெரியவன். அக்கெலோவுஸ் ஆறுகூட ஜீயஸுக்கு முன் நிற்க முடியாது.

ஐயாக்கஸின் அம்மா யார்? கல்வெட்டுப்பித்தன் சொன்ன அதே ஈஜினா, அசோப்பஸின் மகள். அக்கிலிஸின் அப்பாவுக்கு அப்பாவின் பாட்டனாரே ஓர் ஆறு! அந்த அம்மாவை விட்டுவிட்டு அப்பாக்களை மட்டும் எண்ணுகிறான். நான் நீல மையால் செய்ததும் அதுதான்.

#14 மணல்மேடு

ஒரு எச்சரிக்கை. ஹோமரில் ஐயாக்கஸின் அம்மா பெயர் வருவதில்லை. ஈஜினாவை அம்மாவாகச் சொல்வது ஹெசியட் பெயரில் உள்ள பெண்களின் பட்டியல் முதலிய மற்றப் பாடல்கள். அக்கிலிஸ் மறைத்தான் என்று இலியடை மட்டும் வைத்துச் சொல்லக் கூடாது.

#15 பழைய வாத்தியார்

எச்சரிக்கை சரி. ஆனால் இலியடுக்குள்ளேயே 16ஆம் காண்டத்தைத் திறந்து பாருங்கள். அக்கிலிஸின் படை ஐந்து பிரிவாக அணிவகுக்கிறது. முதல் பிரிவின் தலைவன் மெனெஸ்தியஸ். அவன் அம்மா பொலிடோரா, பீலியஸின் மகள், அதாவது அக்கிலிஸின் சகோதரி. அப்பா ஸ்பெர்கியஸ் ஆறு. நிறையச் சீர் கொடுத்து ஊரறிய அவளை மணந்த போரஸ் பெயருக்குத்தான் அப்பா. மணல்மேடு இதைத் தன் பக்கத்துக்கும் எடுத்துக்கொள்ளலாம், என் பக்கத்துக்கும் எடுத்துக்கொள்ளலாம்.

சொந்த மருமகன் ஆற்றின் மகன். அக்கிலிஸின் தலைமுடியும் அந்த ஆற்றுக்கே நேர்ந்து வளர்த்தது. மகன் உயிரோடு திரும்பினால் முடியைக் காணிக்கையாகத் தருவதாக ஸ்பெர்கியஸிடம் வேண்டியவர் பீலியஸ். 23ஆம் காண்டத்தில் பட்ரோக்ளஸின் சிதைக்கு முன் நின்று, இனி ஊர் திரும்பப் போவதில்லை என்று தெரிந்து, அந்த முடியை வெட்டி நண்பன் கையில் வைக்கிறான். இது ஹோமரே சொல்வது.

#16 வைகறை

ஐயா, 16ஆம் காண்டத்தைத் திரும்பப் போய்ப் படித்துவிட்டு வந்தேன். முதல் தடவை அந்த வரியை வெறும் பெயர்ப் பட்டியல் என்று தாண்டியிருக்கிறேன்.

காலண்டர் தாளில் இடம் இல்லை, இன்னொரு தாளை ஒட்டினேன். அதில் அக்கிலிஸ் வீட்டை எழுதி அசோப்பஸை மேலேயும் ஸ்பெர்கியஸைப் பக்கவாட்டிலும் சிவப்பில் போட்டிருக்கிறேன். 21ஆம் காண்டத்தில் அந்தப் பேச்சுக்குப் பிறகு, பிணங்களால் வழி அடைபட்டுப்போன ஸ்கமாண்டர் பொங்கி எழுந்து அக்கிலிஸைத் துரத்துகிறது. அவன் கரையோரம் நின்ற பெரிய மரத்தைப் பிடிக்கிறான், மரம் வேரோடு பெயர்ந்து ஆற்றில் விழுகிறது. அந்த ஆறு அவனைத் துரத்தும்போது யாருக்காகத் துரத்துகிறது என்று இப்போது என் தாளில் தெரிகிறது. கல்லிரோயியிலிருந்து கோடு இறங்கி ஹெக்டர் வரைக்கும், அவன் பிள்ளை ஸ்கமாண்ட்ரியஸ் வரைக்கும் வருகிறது.

அடுத்து ஏதென்ஸ் வீட்டை எழுதப் போகிறேன். எரிக்தோனியஸ் என்று அங்கேயும் ஒருவன் இருக்கிறான், அவன் மனைவி பிராக்சிதியா ஒரு நீர் நிம்ஃப். அவன் பேரன் எரெக்தியஸின் மனைவி பெயரும் பிராக்சிதியா, அவள் அம்மா செஃபிசஸ் ஆற்றின் மகள். இருவரையும் ஒருவராகப் போட்டுவிடாமல் இருக்க இரண்டாமவளுக்குப் பச்சை மை வாங்கி வைத்திருக்கிறேன்.